தொண்டைமானாற்று ‘ஓம்’

1

எங்கள் ஆராய்ச்சி மையத்துக்கு இரத்தம் தந்த ஒருவர் நேர்காணல் முழுக்கக் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார், இவருடைய சம்மதம் செல்லுமா என்று ஒருநாள் காலை என்னிடம் கேட்டார்கள்.

கேட்டவர் இங்கெர். என் மேலாளர். நோர்வேயின் வடக்கில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து இருதய வைத்தியராக வந்தவர். கையில் ஒரு அச்சுத்தாள் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பதிவுசெய்த நேர்காணல் ஒன்றைக் கணினி எழுத்தாக்கி மொழிபெயர்த்துத் தந்திருந்தது. தாதி கேட்ட கேள்விகளுக்கு நடுநடுவே ‘பிரார்த்தனை ஒலி’ என்று அடித்திருந்தது. உங்கள் தகப்பனார் எப்படி இறந்தார்? பிரார்த்தனை ஒலி. நீங்கள் புகைப்பதுண்டா? பிரார்த்தனை ஒலி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்த மனிதர் கும்பிடவில்லை. எங்கள் ஊரில் ஆம் என்பதற்கு ஓம் என்போம். உங்கள் கணினிக்குத் தமிழ் படிப்பித்தவர் யாழ்ப்பாணப் பக்கம் வந்ததேயில்லை” என்றேன்.

இங்கெர் சிரிக்கவில்லை. “அப்படியென்றால் இவர் எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறார். புகைப்பதுண்டா, ஆம். புகைப்பதில்லையா, அதற்கும் ஆம். எனக்குக் கடைசிக் கேள்வி மட்டும் போதும். அதற்கு இவர் சொன்னது ஆம்தானா? எனக்கு இன்றைக்கே தெரியவேண்டும்” என்றார்.

நான் சிரிப்பை நிறுத்தினேன். கடைசிக் கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அதைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

(இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அந்த வீட்டில் கேட்டுத்தான் எழுதுகிறேன். இந்தமுறை வடிவாகவே, விளங்கும்படி கேட்டேன்.)

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்பவர்களுக்கு ‘இரத்தம் சோதிக்கிற வேலை’ என்று சொல்லித் தப்பிவிடுவேன். இங்கே கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது.

உடம்பின் கலங்களில் புரதம் செய்வதற்கான கட்டளையைக் காவிச் செல்லும் ஆர்.என்.ஏ. உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எந்தப் புரதத்தையும் செய்யாத ஆர்.என்.ஏ.யும் உண்டு. ஒருகாலத்தில் அதைக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகுதான், எந்தக் கட்டளை நடக்கவேண்டும், எதை அடக்கவேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருப்பது தெரியவந்தது. சில வீடுகளில் இப்படி ஒருவர் இருப்பார். சமைக்கமாட்டார், உழைக்கமாட்டார், ஆனால் அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. அந்த ஆளைத்தான் எங்கள் மையம் ஆராய்கிறது. நோர்வேக்காரர்களும் யாழ்ப்பாணத்து வைத்தியர்களும் சேர்ந்து நடத்தும் மையம். இருதயத் தசை கஷ்டப்படும்போது இந்த ஆர்.என்.ஏ.யின் சிறு துண்டுகள் இரத்தத்தில் கசிந்து வரும். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவை வந்துவிடுகின்றனவா என்று பார்க்கிறோம். இரத்தத்திலிருந்து அந்தத் துண்டுகளைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது என் பங்கு.

யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான தொண்டைமானாற்றில் ஒரு குடும்பம். தகப்பன் சந்தைக்கு நடந்துபோனவர் வழியில் விழுந்து இறந்தார். பல வருடங்களுக்குப் பிறகு மூத்த மகன், வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தவன், கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தான். இருவரும் நாற்பதைத் தாண்டவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லோரிடமும் இரத்தம் எடுத்தோம். இளையவன் யோகனுக்கும் நாற்பது நெருங்குகிறது, அவனும் கடலுக்குப் போகிறவன். அவன் இரத்தத்தில் வந்த துண்டுகளைப் பார்த்து இங்கெர் அவனுடைய இருதயப் பதிவை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு பிசகு, துடிப்பில், அவர் கண்ணில் பட்டது.

நேரத்தோடு தெரிந்தால் மருந்து இருக்கிறது. நெஞ்சுத் தோலுக்குள் வைக்கும் ஒரு சின்ன மெசின் இருக்கிறது, இருதயம் தடுமாறினால் அதுவே தட்டியெழுப்பிவிடும். தெரியாவிட்டால் தகப்பனும் தமையனும் போன வழிதான். அவனுக்குச் சொல்லவேண்டும். ஆனால் சொல்வதற்கு அவனுடைய சம்மதம் வேண்டும், அதுதான் விதி. வருவதை அறிய விரும்பாதவர்கள் உண்டு, அறியாமல் இருப்பதும் அவர்களுடைய உரிமை. ஆகவே கடைசிக் கேள்வி: ‘இந்த ஆய்வின்போது உங்கள் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய ஏதேனும் தெரியவந்தால், அதை உங்களுக்கு அறிவிப்பதை விரும்புகிறீர்களா?’

அதற்கும் பிரார்த்தனை ஒலி.

3

இங்கெரின் அறையில் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதிவைக் கேட்டோம். பின்னால் எங்கோ மோட்டார் சைக்கிள் போகிறது, காகம் கத்துகிறது. தாதி தயாளினி நிறுத்தி நிதானமாக வாசிக்கிறாள். “ஏதேனும் தெரியவந்தால்…” என்று அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் யோகனின் குரல், “ஓம்.” அவள் தொடர்கிறாள், “அதை உங்களுக்கு அறிவிப்பதை விரும்புகிறீர்களா?” ஒரு சின்ன மௌனம். பேனை தாளில் உரசும் ஒலி. “சரி அண்ணை, முடிஞ்சுது.” அவ்வளவுதான்.

மறுபடியும் கேட்டேன். மறுபடியும். இங்கெர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களின் ஓம் ஒன்றல்ல. கேட்டதற்கு இசைந்து சொல்கிற ஓம் ஒன்று. மற்றது, கதைப்பவரின் முகம் வாடாமல் இருக்க இடையிடையே போடுகிற ஓம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்லு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. செத்தவீட்டுக் கதை சொன்னாலும் அந்த ஓம் வரும், பருப்பு விலை சொன்னாலும் வரும். யோகன் போட்டது அந்த ஓம். கேள்வி முடியும் முன்பே போட்டுவிட்டான். கேள்வி முடிந்தபிறகு அவன் வாய் திறக்கவில்லை.

இதை நோர்வேக்காரிக்கு விளக்குவது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. இங்கெரின் ஊரில் ஆம் என்பதற்கு ‘யா’ என்று மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் நான் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் மேற்பார்வையாளருக்கு ஆஸ்துமா என்றுதான் நம்பியிருந்தேன். அதுவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற யாதான்.

“ஆனால் நீ ஆம் என்று சொன்னால் யாரும் மறுத்துச் சொல்லப்போவதில்லை” என்றார் இங்கெர். மெதுவாகத்தான் சொன்னார். “இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ சொன்னால் நான் இப்போதே யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பேன்.”

ஒரு சொல் சொன்னால் போதும், ஒரு மனிதன் பிழைப்பான். ஆனால் என் காதுக்கு அது ஆம் என்று கேட்கவில்லை. மீன் தொழிற்சாலையில் ஒரு சொல்லும் விளங்காத காலத்தில் நானும் கேட்டதற்கெல்லாம் யா போட்டவள். அந்த யாக்களில் ஒன்றை ஆம் என்று எடுத்துத்தான் என்னை ஒரு குளிர்காலம் முழுக்க உறைகுளிர் அறையில் நிற்கவைத்தார்கள். நான் அதற்கு ஆம் சொல்லவில்லை என்று சொல்ல எனக்குப் பாஷையும் இருக்கவில்லை.

“இது ஆம் இல்லை” என்றேன்.

இங்கெர் தாளை மடித்து மேசையில் வைத்தார். நன்றி என்றார்.

4

இரவுச் சாப்பாட்டு மேசையில் மகள் ஆரணி, “என்னம்மா, முகம் ஒரு மாதிரி?” என்று கேட்டாள். பெயர், ஊர் ஒன்றும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள். பாதித் தமிழில் தொடங்கி நோர்வேஜிய மொழியில் முடிப்பாள், கோபம் வந்தால் முழுக்க நோர்வேஜியம்தான்.

“ஓம் எண்டால் ஓம்தானே அம்மா.”

“இது வேறை ஓம்.”

“டிக்சனரியிலை ரெண்டு ஓம் இருக்கோ?”

“டிக்சனரியிலை இல்லை. எங்கடை வாயிலைதான் இருக்கு.”

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு வந்தது நோர்வேஜியம். “ஒரு சத்தத்துக்காக ஒரு ஆளைச் சாக விடுகிறீர்களா? நாளைக்கு அவர் கடலில் விழுந்தால் உங்களுடைய ரெண்டாவது ஓமை யாரிடம் விளங்கப்படுத்துவீர்கள்?”

சின்ன வயதில் இவளுக்குத் தமிழ் படிப்பித்தபோது ஓம் என்றால் யா என்றுதான் சொல்லிக்கொடுத்தேன், மற்ற ஓம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். அது வரவில்லை. நான் கதைக்கும்போது அவள் பேசாமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கு அது கோபமாக இருக்கிறாள் போலிருக்கும். அன்று உண்மையிலேயே கோபமாகத்தான் இருந்தாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிப் போனாள்.

5

மையத்தின் ஒழுக்கநெறிக் குழு கூடி ஒரு வழி சொன்னது. கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், நேரில் போய்க் கேட்கவேண்டும். யோகனிடம் மட்டும் கேட்டால் ஏதோ இருக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிடும், ஆகவே தாயிடமும் தமக்கையிடமும் அதே கேள்வியைக் கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்து இருதய வைத்தியர் போகக்கூடாது. அவர் வீட்டுக்கு வந்தாலே சேதி சொன்ன மாதிரித்தான். தயாளினி பிரசவ லீவில் இருந்தாள். கடைசியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புறப்படமுன் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் குடும்பத்தாரிடம் எதுவும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. உண்ணவோ குடிக்கவோ கூடாது. உபசரித்தவரிடம் இல்லையென்று சொல்ல முடியாமல் நானோ, என்னிடம் இல்லையென்று சொல்ல முடியாமல் அவர்களோ சங்கடப்படக்கூடாது என்பதற்காக. நல்ல விதி என்று நினைத்துத்தான் கையெழுத்து வைத்தேன்.

பிறகு தொடங்கியது கடதாசி வேலை. பிறந்த மண்ணுக்குப் போக விசா எடுக்கவேண்டிய ஆள் நான். இணையப் படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்று கேட்டிருந்தது. விடுமுறை, வியாபாரம், உறவினரைப் பார்த்தல் என்று போட்டிருந்தார்கள். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு வருதல் என்பதற்கு இடமில்லை. உறவினர் என்று போட்டால் பொய், வியாபாரம் என்று போட்டால் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு முத்திரை, முத்திரைக்குக் கூட்டம், கூட்டத்துக்கு ஒருவர் லீவில். யாழ்ப்பாணப் பக்கத்தில் பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, கிராம சேவையாளருக்கு இன்னொரு பிரதி.

இத்தனையும் நடக்கும்போது யோகன் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை தொலைபேசியில் தொண்டைமானாற்றுக் காற்றுப் பார்ப்பது. காற்றுப் பலமென்றால் எனக்கு நிம்மதி, அன்றைக்கு அவன் போகமாட்டான். கடல் அமைதியென்று காட்டினால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. ஆரணி அந்த நாட்களில் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

6

அரியாலையில் மச்சாள் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, அடுத்தநாள் காலை ஓட்டோ பிடித்து அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாற்றுக்குப் போனேன். யோகனை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் அவன் வீட்டைக் கடைசிக்குத் தள்ளினேன்.

முதலில் தாய். இரண்டு ஆம்பிளைகளைப் பறிகொடுத்த மனிசி, மெலிந்த உடம்பு, காது கொஞ்சம் மந்தம். கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். “எனக்கு இனி என்னத்தைச் சொல்லி என்ன பிள்ளை? பேசாமல் விடுங்கோ” என்றார். அது தெளிவான இல்லை. பதிந்துகொண்டேன். “இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்று எழும்பினார்.

“வேண்டாம் அம்மா.”

எங்கள் ஊரில் முதல் வேண்டாமை யாரும் கணக்கெடுப்பதில்லை. அவர் அடுப்படிக்குப் போய்த் தேநீரோடு வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். “உண்மையாவே வேண்டாம் அம்மா, குறை நினைக்காதேங்கோ.” அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகம் மாறியது. ஏனென்று எனக்கு உறைக்கவில்லை. மனம் நொந்துபோனார் என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்தது தமக்கை வீடு. அவள் தனக்கு ஏதும் இருந்தால் சொல்லத்தான் வேண்டும் என்று பளிச்சென்று சொன்னாள். அவள் நீட்டிய சோடாவையும் நான் வாங்கவில்லை.

“ஏனக்கா, விரதமோ?”

ஓம் விரதம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நான் உண்மை பேசுகிற நாட்டிலிருந்து வந்தவள். “இல்லை, இப்ப ஒண்டும் குடிக்கேலாது” என்றேன். நான் வாசல் படலையைத் தாண்ட முன்பே அவள் தொலைபேசியை எடுத்ததைக் கண்டேன்.

ஓட்டோவில் ஏறி இருந்தபிறகுதான் பொறிதட்டியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணிகூடக் குடிக்காமல் நின்றநிலையில் பேசிவிட்டுப் போகிறவர் யார்? செத்தவீடு சொல்ல வந்தவர். துக்கச் சேதி கொண்டுவந்தவர் அந்த வீட்டில் இருக்கவும்மாட்டார், வாய் நனைக்கவும்மாட்டார். நோர்வேயில் கையெழுத்து வைக்கும்போது இது எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? இவ்வளவு காலம் எந்த வீட்டிலும் அப்படி நிற்க எனக்குத் தேவை வரவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமலே இரண்டு வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஓட்டோக்காரர் அதற்குள் யோகன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்.

7

யோகன் முற்றத்தில் படகு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். கைகளில் எண்ணெய். நல்ல உயரம், தடித்த தோள். நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“வாங்கோ அக்கா. அம்மாட்டையும் அக்காட்டையும் போட்டு வாறியளாம்.”

“ஓம் தம்பி. ஒரு கேள்வி, எல்லாரிட்டையும் கேக்கிறம்.”

“என்னட்டைக் கடைசியா வந்திருக்கிறியள்” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. துணியில் கையைத் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டான். “இருங்கோ.”

இருந்தேன். அவன் மனைவி சுமதி தேநீர் கொண்டுவந்து என் முன்னால் சின்ன முக்காலியில் வைத்தாள். போய்க் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தாள்.

தமக்கையின் தொலைபேசி இங்கேயும் வந்திருக்கிறது என்று விளங்கியது. நான் குடித்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், அது பொய். குடிக்காவிட்டால் அவன் சம்மதம் தருமுன்பே சொன்ன மாதிரி. என் கையெழுத்து, இங்கெர், குழு எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தார்கள். கைப்பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன்.

யோகன் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்து, வாய் அசையாமல் சொல்வதுபோல மெல்லச் சொன்னான்: “இப்ப கேக்கவேண்டாம். முதல் அதைக் குடியுங்கோ அக்கா.”

“தம்பி, எனக்கு…”

“குடியுங்கோ. அவ பாத்துக்கொண்டு நிக்கிறா.”

குடித்தேன். விதி போனது போகட்டும் என்று எடுத்துக் குடித்தேன். நல்ல சாயம், இஞ்சி போட்டிருந்தாள். கொஞ்சம் குடித்துவிட்டுக் கோப்பையை முக்காலியில் வைத்தேன். எஞ்சின் என்ன விலை, இப்ப என்ன மீன் படுகுது என்று ஏதோ கேட்டேன், அவனும் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் சுமதி கதவு நிலையை விட்டு உள்ளே போனாள்.

“வாங்கோ, ஓட்டோ வரைக்கும் வாறன்” என்று அவன் எழுந்தான்.

ஓட்டோக்காரர் தெரு முனையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்றோம். அவன் சொன்னான், “இப்ப கேளுங்கோ.” நான் பதிவுக் கருவியைப் போட்டுக் கேள்வியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அவன் இடையில் ஒரு சத்தமும் போடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டு நின்றான். முடித்ததும் மூச்சுவிட்டு, “எனக்குச் சொல்லுங்கோ. மனிசிக்குச் சொல்லவேண்டாம்” என்றான்.

சொன்னேன். இரத்தத்தில் கண்டதை, இருதயப் பதிவில் கண்டதை, பெரியாசுப்பத்திரியில் எந்த வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை, அதுவரை கடலுக்குப் போகக்கூடாது என்பதை. மருந்தும் மெசினும் இருப்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் வேலித் தகரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணைக்கும் இதுதானோ?”

“இருக்கலாம் தம்பி.”

“அவனும் காலமை தேத்தண்ணி குடிச்சிட்டு நல்லாத்தான் போனவன்.” தகரத்திலிருந்து கையை எடுத்து, “இப்பதான் காத்து விழுந்து கடல் அடங்கியிருக்கு. இனித்தான் சீசன். இது முடியட்டும், போறன்” என்றான்.

“அதுவரைக்கும் பொறுக்கேலாது.”

“பாப்பம் அக்கா.”

எங்கள் ஊர்ப் பாப்பத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

8

நோர்வேக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். தேநீர் குடித்ததையும் எழுதினேன். குழு கூடி, பங்கேற்பாளருக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது, மையத்தின் கடமை முடிந்தது என்று எழுதியது. இனி அவனைத் தொடர்புகொள்ளக்கூடாது என்றும் சொன்னார்கள், வற்புறுத்தியதாகிவிடுமாம். இங்கெர் யாழ்ப்பாணத்து வைத்தியரிடம் பொதுவாக விசாரித்தார். அப்படி ஒருவரும் வரவில்லை என்று பதில் வந்தது. அடுத்த கிழமையும் அதே பதில்.

நான் மறுபடியும் காற்றுப் பார்க்கத் தொடங்கினேன். கடல் அமைதி, கடல் அமைதி என்றே காட்டியது. இரத்தம் பிரிக்கிற வேலையை விட்டு இரண்டு நாள் வேறு வேலை கேட்டு வாங்கினேன். ஒருநாள் ஆரணி வந்து பக்கத்தில் இருந்தாள். “நீங்கள் பிழை செய்யேல்லை அம்மா” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழை செய்யாததால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன். நான் தினமும் பார்க்கிற காற்றுப் படம் அவளுடைய தொலைபேசியிலும் திறந்திருந்ததைக் கண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு அறையில், தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஊரில் என்னைத் தெரிந்த யாரிடமோ இலக்கத்தை வாங்கியிருக்கிறாள். சுமதி.

“அக்கா, நான் யோகன்ரை மனிசி கதைக்கிறன். அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோய் மெசின் வைச்சாச்சு. இப்ப வீட்டிலை இருந்து எல்லாரோடையும் சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். சொல்லவேணும் போலை இருந்தது. அவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை அக்கா. நீங்களும் சொல்லேல்லை. நீங்கள் தேத்தண்ணியைக் கையிலை எடுத்தோடனை அப்பாடா எண்டு உள்ளை போனனான். ஒண்டும் இல்லையாக்கும், போன் எடுத்துச் சொன்ன மச்சாள்தான் வீணாப் பயந்திட்டா எண்டு நினைச்சன். நீங்கள் போனாப்பிறகு கோப்பை எடுக்க வந்தன். பாதி அப்பிடியே கிடந்தது.”

பதிவில் பின்னால் யாரோ எஞ்சின் முடுக்குகிறார்கள்.

“வெளியிலை ஊத்தேல்லை. மூடி வைச்சனான். நாளும் போகுது, இவர் ஒண்டும் சொல்லுறாரில்லை, கடலுக்குத்தான் போறார். கடைசியிலை ஒருநாள் கழுவாத அந்தக் கோப்பையை அவருக்கு முன்னாலை கொண்டுபோய் வைச்சன். அவ்வளவு தூரத்திலை இருந்து வந்தவ இதை ஏன் பாதியிலை விட்டிட்டுப் போனவ, சொல்லுங்கோ எண்டு கேட்டன். அவர் போய்ச் சேட்டு மாத்திக்கொண்டு வந்து, ஆசுப்பத்திரிக்குப் போக வாசல்லை நிண்டார்.”